பூட்டிக்கொண்ட ஆட்டுப் பணம்

எனக்கு யாரிடமும் பணம் கேட்க வராது. எனக்கே சேர வேண்டிய பணமாக இருந்தாலும், கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாசலில் நின்று, "மழை வரும் போல இருக்கு" என்பேன். அவர்களும் வானத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்பார்கள். அப்படியே திரும்பி வந்துவிடுவேன். வீட்டில் மனைவி கேட்பாள்.

"இன்னைக்கும் மழையத்தான் வசூல் பண்ணிட்டு வந்தீங்களா?"

வருஷம் முழுவதும் எனக்குப் புல் வெட்டும் வேலை. ஒரு குத்தகைக்காரரிடம் கூலிக்குப் போகிறேன். இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மலாக்கா மாநிலத்தில் ரெம்பியாவிலிருந்து ஜாசின் வரைக்கும் சாலை ஓரங்கள், பள்ளித் திடல்கள், தொழிற்சாலை வேலி ஓரங்கள் என்று வெட்டிக்கொண்டே போவேன். இயந்திரம் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அந்த வேலை எனக்குப் பொருந்திப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீபாவளிக்கு மட்டும் நான் ஆட்டு வியாபாரி. முன்பு என் மச்சான் செய்துகொண்டிருந்தார். அவர் ஜொகூருக்குக் குடி போனதும் அது என் தலையில் விழுந்தது. வியாபாரம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பாயா ரும்புட்டில் நாங்கள் இருக்கும் மலிவு அடுக்குமாடி வீடமைப்பிலும் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலும் இருக்கும் நாற்பது குடும்பங்களுக்கு ஐந்து ஆடு வாங்கிப் பங்கு போட்டுக் கொடுப்பேன். பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள்தான். முழு ஆடு வாங்க ஒருவராலும் முடியாது. கடையில் விற்கும் உறைந்த கறியைத் தீபாவளிக்குச் சமைக்க மனம் வராது. அதனால் எட்டு வீட்டுக்கு ஓர் ஆடு, பங்குக்கு இருநூறு ரிங்கிட், நாங்கள் சொல்வது வெள்ளி.

இந்தப் பங்கில் எங்களுக்கு இரண்டு முறை உண்டு. ஒன்று கறியைப் பிரிப்பது. வாழை இலைகளை வரிசையாகப் போட்டு, எலும்பு, சதை, ஈரல், கொழுப்பு எல்லாவற்றையும் சமமாக எட்டுக் கூறு வைப்பார்கள். பிறகு எட்டுப் பேரும் ஆளுக்கொரு சாமானைப் பைக்குள் போடுவார்கள். சாவி, தீப்பெட்டி, சட்டைப் பொத்தான், எதுவானாலும் சரி. எது யாருடையது என்று தெரியாத ஒருவர் வந்து பைக்குள் கைவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகளின் மேல் வைப்பார். உன் சாவி எந்தக் கூறின் மேல் இருக்கிறதோ அது உன்னுடையது. என் கூறில் எலும்பு அதிகம் என்று இத்தனை வருஷத்தில் யாரும் வாய் திறந்ததில்லை.

இன்னொன்று பணம் கொடுப்பது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஆறு பேர் கொடுத்து இரண்டு பேர் பின்வாங்கிவிட்டால் ஆடு அந்தரத்தில் நிற்கும். அதனால் தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் தாம்பாளம் வைப்போம். எல்லாரும் வந்து பணத்தை அதில் வைப்பார்கள். அந்தத் தாம்பாளம் நிறைய வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு வாரம் நான் நாற்பது வாசலில் போய் நினைவூட்ட வேண்டும். அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்காது.

இதைப் பார்த்துத்தான் என் மனைவி அந்த ஏற்பாட்டைச் செய்தாள். அவள் துணி துவைக்கும் ஒரு டோபிக் கடையில் வேலை செய்கிறாள். அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் கட்டம் கட்டமான படத்தைப் போனில் பிடித்தால் பணம் கடைக்காரருக்குப் போய்விடும். யாரும் யாரையும் கேட்பதில்லை. "உங்களுக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க" என்று சொல்லி, ஒரு நிறுவனத்தின் மின்பணப்பையை என் பெயரில் திறந்து கொடுத்தாள். அடையாள அட்டையைப் படம் பிடித்தாள். என் முகத்தையும் பிடிக்க வேண்டுமாம். கண் சிமிட்டு என்று போன் சொன்னது. என் முகத்தையே அவ்வளவு பக்கத்தில் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கீழே பார்த்துவிட்டேன். நான்கு தடவை ஆயிற்று.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் தரையப் பார்த்துட்டு இருந்தீங்க" என்றாள் அவள்.

இரண்டு மாதம் அதில் பத்து வெள்ளி, இருபது வெள்ளி போட்டு எடுத்துப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த வருஷம் முதல் முறையாகத் தாம்பாளம் வைக்கவில்லை. எங்கள் ஆட்டு வாட்ஸ்அப் குரூப்பில் என் கணக்கின் கட்டப் படத்தைப் போட்டு இப்படி எழுதினேன்: "ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எல்லாரும் போடுங்கள். தாம்பாளத்தில் வைப்பது போல ஒன்றாகப் போடுங்கள்."

நான் செய்த தவறு அதுதான். அப்போது அது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. எங்கள் முறை அது.

ஆறு மணிக்குப் போன் மணி அடிக்க ஆரம்பித்தது. நானும் மனைவியும் தேத்தண்ணீர் போட்டு வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர், இருநூறு வெள்ளி. சிலர் பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்கள். "கொழுப்பு வேண்டாம்." "ஈரல் கொஞ்சம் கூட." ஆறேகாலுக்கு நாற்பதும் வந்துவிட்டது. ஒரு வாசலில் நிற்கவில்லை, ஒரு மழையைப் பற்றிப் பேசவில்லை. இத்தனை காலம் இது எங்கே இருந்தது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறு இருபதுக்குத் திரை மாறியது. ஆங்கிலத்தில் நான்கு வரி. மனைவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். சந்தேகத்துக்குரிய நடமாட்டம் காரணமாக உங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது. எண்ணாயிரம் வெள்ளி என்ற எண் அங்கேயே தெரிந்தது. அழுத்தினால் சாம்பல் நிறத்தில் ஒரு பூட்டு வந்தது.

எனக்கு ஆடு கொடுப்பவர் செர்காமில் இருக்கிறார். கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கம்பங்கால்களில் நிற்கும் பெரிய பட்டி. வயதான மலாய்க்காரர். நான் அவரைப் பாக்சிக், அதாவது மாமா, என்பேன், அவர் என்னைத் தமிழிலேயே தம்பி என்பார். ஆடுகளை ஏற்கெனவே பார்த்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் துணிப்பட்டை கட்டி, அதில் எட்டுப் பங்குகாரர்களின் பெயரையும் மையால் எழுதிவிட்டு வந்திருந்தேன். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மொத்தப் பணமும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பட்டையை அவிழ்த்துவிட்டு அடுத்தவருக்கு விற்றுவிடுவார். அந்தச் சமயத்தில் ஆட்டுக்கு ஆள் வரிசையில் நிற்கும். எங்கள் சேமிப்புப் புத்தகத்தில் இருந்ததை வைத்து அரை ஆடு வாங்கலாம்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த நிறுவனத்துக்கு மலாக்காவில் அலுவலகம் கிடையாது. எங்கேயும் வாசல் கிடையாது. போனுக்குள்ளேயே சிரித்த முகம் ஒன்று இருந்தது, அதனிடம்தான் கேட்க வேண்டும். அது ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையில் இருக்கும் என் முழுப் பெயரையும் சொல்லி வணக்கம் வைத்தது. அந்த முழுப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பிறகு உங்கள் பிரச்சினை இந்த நான்கில் எது என்று கேட்டது. நான்கிலும் ஆடு இல்லை. மலாயில் எழுதினேன். மன்னிக்கவும், புரியவில்லை என்றது. மனைவி ஆங்கிலத்தில் எழுதினாள். விற்பனை ரசீதும் வியாபாரப் பதிவும் அனுப்புங்கள் என்றது. ஆட்டுப் பங்குக்கு ஏது ரசீது? துணிப்பட்டையோடு ஆட்டை எடுத்த படத்தை அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை, ஆவணத்தை நேராக வைத்து மீண்டும் எடுக்கவும் என்று பதில் வந்தது.

"ஆட்டை நேரா நிக்கச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைசியில் ஒரு பதில் வந்தது. பரிசீலனைக்குப் பதினான்கு வேலை நாட்கள் வரை ஆகலாம். உங்கள் பொறுமைக்கு நன்றி.

திங்களும் செவ்வாயும் நான் யாரிடமும் சொல்லவில்லை. குரூப்பில் ஒருவர் கேட்டார், "அண்ணே, எல்லாம் வந்திருச்சா?" வந்தது உண்மைதானே. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டேன். போட்ட பிறகு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வேலை முடிந்து கடை வரிசை வழியாக வராமல் பின்பக்கக் கால்வாய் ஓரமாக மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தேன். ஆட்டைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, கணக்கு பூட்டிக்கொண்டது என்று சொல்கிற ஆளை என்னவென்று சொல்வார்கள்? அந்தச் சொல் எனக்குத் தெரியும். வானொலியைத் திருப்பினால் தினமும் அதைத்தான் சொல்லி எச்சரிக்கிறார்கள். ஸ்கேமர்.

புதன்கிழமை மதியம் ரெம்பியாவில் ஒரு பள்ளித் திடலை வெட்டிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நிறுவனத்துப் பெண். குரலைக் கேட்டால் சின்ன வயது. மலாயில் பேசினாள். அடையாள அட்டை எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, கால் மணி நேரத்துக்குள் நாற்பது பேர் ஒரே தொகையைப் போட்டது ஏன் என்றாள்.

நான் தாம்பாளத்தைப் பற்றிச் சொன்னேன். எட்டு வீட்டுக்கு ஓர் ஆடு என்பதையும், யாரும் பின்வாங்கக் கூடாது என்பதற்காக ஒன்றாகப் போடுவதையும் சொன்னேன். போனில் முகம் தெரியாததாலோ என்னவோ, எனக்குப் பேச வந்தது. வாழை இலை, சாவி, பொத்தான் வரைக்கும் சொல்லிவிட்டேன். மறுபக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றுவிட்டது.

"அப்போ தலை யாருக்கு, அங்கிள்?" என்றாள்.

ஆடு உரிக்கிறவருக்கு என்றேன். அது தன் படிவத்தில் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் மலாயில் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"அங்கிள், நான் உண்மையச் சொல்லிடுறேன். உங்க பணம் எங்கேயும் போகாது. ஆனா தீபாவளிக்குள்ள இது திறக்காது. காத்திருங்கன்னுதான் நான் சொல்லணும். நீங்க இதை நம்பி உட்கார்ந்திராதீங்க. வேற வழி பாருங்க."

வேலைக்கு இருக்கும் பெண் இப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. காத்திருங்கள் என்று சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன். எனக்குப் பிடித்ததே அதுதான். தீபாவளி அன்றுவரை பூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண் வேறு வழி பார் என்று சொன்னதால்தான் அன்று மாலை நான் வாசல்களில் போய் நின்றேன்.

முதல் வாசல் எங்கள் அடுக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் அக்காவுடையது. மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது ஆட்டில் அவருக்கு ஒரு பங்கு. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மழை வரும் போல இருக்கு என்றேன். அக்கா எட்டி வெளியே பார்த்தார்.

"வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு தம்பி. என்ன விஷயம், சொல்லு."

சொன்னேன். எங்கே ஆரம்பித்தேன், எப்படி முடித்தேன் என்று தெரியாது. போனை எடுத்துப் பூட்டைக் காட்டினேன். கட்டை விரல் காட்டியதையும் சொன்னேன். ஆடு கிடைக்காமல் போனாலும், பணம் திறந்த அன்றே இருநூறையும் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன் என்றேன். அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அத்தனை வருஷம் அந்த வாசலுக்குப் போயிருக்கிறேன், உள்ளே உட்கார்ந்தது அன்றுதான். மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வா, அடுத்த வீட்டுக்கு நானும் வரேன். ஆனா பேச மாட்டேன்லா. நீதான் பேசணும்."

அப்படியே செய்தார். அன்றும் மறுநாளும் எங்கள் அடுக்கில் இருந்த பதினான்கு வீட்டுக்கும் கூட வந்தார். கதவு திறந்ததும், "தம்பி ஒண்ணு சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். சிலர் முகம் மாறியது. இருநூறு வெள்ளி எங்கள் மக்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஒரு பெரியவர், "ஆட்டைக் கட்டிப் போடுறதுக்கு முன்னால உன்னைக் கட்டிப் போட்டுட்டானுங்களா" என்று சிரித்தார். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். நேரில் வந்து சொன்னீர்களே என்றார்கள். அது நன்றி சொல்லக்கூடிய செயல் என்றே எனக்குத் தெரியாது.

பக்கத்துத் தாமான் வீடுகளுக்குத் தனியாகவே போனேன். அங்கே லோரிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வியாழன் மாலை போனேன். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். போன வருஷம் போனில் யாரோ பேசி, அவர் லோரித் தவணைக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் வழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வதைக் கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"அவனும் இப்படித்தாண்ணே பேசினான். நிதானமா, மரியாதையா."

கட்டிய கையைப் பிரிக்காமலே கேட்டார்.

"ஆடு எங்க இருக்கு?"

செர்காம் என்றேன்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. அஞ்சு ஆட்டையும் நான் என் கண்ணால பார்க்கணும். இல்லன்னா நான் நேரா போலீசுக்குத்தான் போவேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து என் மோட்டாரின் கிரானை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். வண்டியின் உரிமைப் பத்திரம் அது. எங்களிடம் அடகு வைக்கிற மாதிரி இருந்த ஒரே காகிதம்.

"ஆட்டுக்காரப் பெரியவர்கிட்ட இதக் குடுத்துக் கேளுங்க. தரையப் பார்த்துக்கிட்டே கேட்டாலும் பரவால்ல, கேட்டுடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடியும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம். பெரியவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாளும் அதுதான். லோரிக்காரர் தன் லோரியை ஓட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. ஜாசினைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, கடல் காற்று அடிக்கத் தொடங்கியதும் மட்டும், "ஆடு இருக்கும்ல?" என்று ஒரு தடவை கேட்டார். இருக்கும் என்றேன்.

இருந்தன. ஐந்தும் ஒரே தடுப்புக்குள், பட்டைகளோடு. லோரிக்காரர் கம்பிக்கு இடையில் கையை விட்டு ஒவ்வொரு பட்டையையும் திருப்பிப் படித்தார். நான்காவது ஆட்டில் அவருடைய பெயர் இருந்தது. மை கொஞ்சம் கலைந்திருந்தது. அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஆட்டின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினார்.

பெரியவர் தொப்பியோடு வந்தார். பணம் கொண்டுவந்தாயா என்று கேட்டார். நான் போனை எடுத்தேன். அதைப் பார்த்ததுமே அவர் முகம் இறுகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருவன் பணம் அனுப்பிவிட்டதாகப் போனில் ரசீதைக் காட்டி அவரிடம் மூன்று கிடாக்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ரசீது போலி. அதிலிருந்து அவர் எந்தத் திரையையும் பார்ப்பதில்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தேன், வேறு என்ன செய்வது? போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வாயால் சொன்னேன். புதன் மாலையிலிருந்து முப்பது வாசலில் சொல்லிச் சொல்லி எனக்கு அது கொஞ்சம் பழகியிருந்தது. ஆனாலும் காது சூடாகி, குரல் தேய்ந்துவிட்டது. கடைசியில் கிரானை எடுத்து நீட்டினேன். பணம் திறக்கும்வரை இதை வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டைக் கொடுங்கள் என்றேன்.

அவர் உறையைப் பிரித்துப் படித்தார். பதினாறு வருஷத்து மோட்டார்.

"தம்பி, இது ஓர் ஆட்டின் கால் பெறாது."

தெரியும் என்றேன். லோரிக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். உடைந்த மலாயில், முடக்கியது உண்மைதான், தானும் அதில் பணம் போட்டவன்தான், இந்த ஆளைத் தானும் நம்பவில்லை, அதனால்தான் கூடவே வந்தது என்று வரிசையாகச் சொன்னார். எனக்குச் சாதகமாகப் பேசுகிறாரா எதிராகப் பேசுகிறாரா என்று எனக்கே விளங்கவில்லை. பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டியின் படிக்கட்டில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"என்னை ஏமாத்தினவன் வெட்கமே படல. பாஸ், பாஸ்னு கூப்பிட்டான், சிரிச்சான், தோள்ல கை போட்டான். நீ பதினோரு வருஷமா வர்ற. இன்னிக்கு வரைக்கும் ஒரு வெள்ளி குறைச்சுக் கேட்க உனக்கு வாய் வந்ததில்ல. ஏத்திக்கிட்டுப் போ."

கிரானைத் திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வாங்கிக்கொள்ளாமல் விட்டிருந்தால் அந்தக் கடனை எப்படித் தூக்கியிருப்பேன் என்று தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பெரியவரிடமே ஆடுகளை விட்டு வந்தோம். சொன்னபடியே லோரிக்காரர் தன் லோரியில் போய் முந்தின நாள் மாலை ஏற்றிக்கொண்டு வந்தார். லோரி எண்ணெய்ச் செலவுக்குக் காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

தீபாவளி அன்று விடிந்ததும் எங்கள் அடுக்குக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. வாழை இலைகள் விரிந்தன. நாற்பது வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்ட வீட்டுப் பெண்மணி உட்பட. அவர் கையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய தேத்தண்ணீர் இருந்தது. எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டே வந்து எனக்கும் ஊற்றினார்.

நான்காவது ஆட்டின் முறை வந்தது. எட்டுக் கூறும் வைத்தாகிவிட்டது. பை சுற்றி வந்தது. ஒருவர் சாவி போட்டார், ஒருவர் மூக்குக் கண்ணாடி உறையைப் போட்டார். லோரிக்காரர் தன் போனையே எடுத்துப் பைக்குள் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். போன் கெட்டுப் போகும், வேறு ஏதாவது போடு என்று யாரோ சொன்னார்கள்.

"இருக்கட்டும்லா. இதுவாச்சும் ஒரு வேலைய ஒழுங்கா செய்யுதான்னு பார்ப்போம்."

எதையும் பார்க்காமல் வெளியே நின்றிருந்த கீழ்த்தளத்து அக்காதான் வந்து பைக்குள் கைவிட்டு எடுத்து வைத்தார். போனை ஒரு கூறின் மேல் பக்குவமாக, ஈரம் படாமல், ஓர் இலைத் துண்டைக் கீழே வைத்து வைத்தார். நல்ல கூறு அது. விலா எலும்பு நிறைய. லோரிக்காரர் அதை எடுத்துக்கொண்டு போகும்போது என் பக்கம் வந்து நின்று, அடுத்த வருஷமும் தன் பெயரை நான்காவது ஆட்டிலேயே எழுதச் சொன்னார். அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லியிருந்தால் நான் எங்கே போய் ஒளிந்திருப்பேனோ.

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் கணக்கு திறந்தது. ஏன் பூட்டினார்கள், ஏன் திறந்தார்கள் என்று ஒன்றும் இல்லை. சேவை வழக்கம் போலக் கிடைக்கும் என்று மட்டும் வந்தது. பணத்தை வங்கிக்கு மாற்றி, ரொக்கமாக எடுத்துக்கொண்டு மோட்டாரில் செர்காம் போனேன். மனைவி முறுக்கு ஒரு டின் கொடுத்து விட்டாள். பெரியவர் பணத்தை இரண்டு தடவை எண்ணினார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து கிரானை எடுத்துக் கொடுத்துவிட்டு, காலியான டின்னில் முறுக்கைக் கொட்டிக்கொண்டார்.

அன்று மாலை போனில் அந்தச் சிரித்த முகம் மறுபடி வந்தது. என் முழுப் பெயரையும் சொல்லி வணக்கம் வைத்து, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டது. ஐந்து நட்சத்திரம் வரிசையாக, வெறும் கோடுகளாக இருந்தன.

மனைவி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு கூட குடுக்காதீங்க. மூணு வாரம் நம்ம உசுர எடுத்திருக்கானுங்க."

அவள் சொன்னது நியாயம். அந்த நிறுவனத்தை இன்னும் நான் நம்பவில்லை. நாற்பது பேருடைய காசைப் பூட்டிவிட்டு, கேட்க ஒரு வாசல்கூட வைக்காத இடம் அது. இந்த வருஷம் ஓர் ஆட்டுக்கு ஒரு நாள் என்று பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். பணம் வந்ததும் அன்றைக்கே வெளியே எடுத்துவிடுகிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பது வாசலுக்கும் முன்னாலேயே ஒரு நடை போய்விட்டும் வந்தேன். இருபது வீட்டிலாவது உட்கார வைத்துவிட்டார்கள். மழையைப் பற்றி யாரும் பேச விடவில்லை.

ஆனால் அன்று மாலை திரையைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது மரத்தடியில் கேட்ட அந்தக் குரல்தான். பெயர் தெரியாது. திரும்பக் கூப்பிட எண் கிடையாது. தலை யாருக்கு என்று கேட்ட பிள்ளை. இந்த நட்சத்திரம் அவளுக்குப் போய்ச் சேருமா என்றும் தெரியாது. போய்ச் சேர்ந்தால் நல்லது என்று நினைத்து ஐந்தையும் அழுத்தினேன்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு வேணாம்னு சொல்லவும் வராது" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.